தோட்ட ரயிலுக்கு எந்த வயர்லெஸ் கைக்கருவி? திருவான்மியூர் வீட்டுக்கு ஒரு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். திருவான்மியூரில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் தனிவீட்டின் பின்புறத்தில் மாதிரி ரயிலுக்கான 45 மில்லிமீட்டர் அகலப் பித்தளைத் தண்டவாளத்தைச் சுமார் 40 மீட்டர் நீளத்துக்கு வளையமாகப் போட்டிருக்கிறீர்கள். தோட்ட ரயில்களுக்குப் பேர்பெற்ற ஜெர்மன் தயாரிப்பான எல்.ஜி.பி. வகை எஞ்சின்கள் இரண்டு இருக்கின்றன. இப்போது வராந்தாவில் உட்கார்ந்து டிரான்ஸ்பார்மரின் குமிழைத் திருப்பித்தான் அவற்றை ஓட்டுகிறீர்கள். இனி ரயிலோடு கூடவே நடந்தபடி ஓட்ட ஒரு வயர்லெஸ் கைக்கருவி வேண்டும், ஒன்பது வயதுப் பேரனும் அதை இயக்க வேண்டும். அமெரிக்காவிலிருக்கும் மகள் டிசம்பரில் ஊருக்கு வரும்போது அங்கிருந்தே வாங்கி வருவதாகச் சொல்கிறார். எதை வாங்கச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மகளிடம் எதையும் சொல்வதற்கு முன் அலைவரிசையைப் பார்த்துவிட வேண்டும். பலர் கடைசியாகப் பார்க்கும் இதை நான் முதலில் வைக்கக் காரணம், ஒரு கருவி எவ்வளவு அருமையாக இருந்தாலும் இங்கே அதை இயக்க அனுமதி இல்லையென்றால் மற்ற ஒப்பீடுகளால் பயனில்லை என்பதுதான். அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அங்குள்ள தோட்ட ரயில்காரர்களிடையே பேர்பெற்ற ஏர்வயர் கருவிகளும், என்.சி.இ. நிறுவனத்தின் வயர்லெஸ் கைக்கருவிகளும் அந்தப் பகுதியில்தான் இயங்குகின்றன. நம் நாட்டில் அதே பகுதி, மொபைல் சேவைக்கு ஒதுக்கப்பட்ட 890 முதல் 915 வரையிலான அலைவரிசையோடு மேற்படிகிறது. அந்தக் கைக்கருவியை இங்கே இயக்கினால், தெருமுனையில் இருக்கும் மொபைல் கோபுரம் கேட்டுக்கொண்டிருக்கும் அதே அலைவரிசையில் நாமும் பேசுகிறோம் என்று பொருள். இந்தியாவில் உரிமம் தேவைப்படாத பகுதிகளில் நமக்குப் பொருந்துவது 2.4 கிகாஹெர்ட்ஸ், அதாவது 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை. 865-க்கும் 868-க்கும் இடையிலும் ஒரு பகுதி திறந்திருக்கிறது என்றாலும், ஐரோப்பியக் கருவிகள் பல 868-ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ இயங்குவதால், சரியான எண்ணைக் கேட்டறியாமல் அவற்றை நம்ப முடியாது. எனவே மகளிடம் சொல்ல வேண்டிய முதல் நிபந்தனை, பெட்டியின் மேல் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றோ, வைஃபை என்றோ, புளூடூத் என்றோ தெளிவாக இருக்க வேண்டும் என்பதே. தபாலில் தருவிப்பதாக இருந்தால், வயர்லெஸ் கருவிகளின் இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்கும் வகை ஒப்புதலைச் சுங்கத்துறை கேட்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது இந்தப் பதிலின் மையமான விஷயம். கைக்கருவியைத் தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. அது பேசுவதைக் கேட்கும் ரிசீவர் எங்கே உட்காரப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்தால், கைக்கருவி பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். ரிசீவருக்கு மூன்று இடங்கள் உண்டு: டிரான்ஸ்பார்மருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில், அல்லது டி.சி.சி. என்னும் டிஜிட்டல் முறையின் கட்டுப்பாட்டு மையத்தில், அல்லது எஞ்சினுக்குள்ளேயே.

முதல் முறை எளிது. வராந்தாவில் உள்ள டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் மின்சாரம் ஒரு ரிசீவர் பெட்டிக்குள் போய், கைக்கருவி சொல்லும் அளவுக்குக் குறைந்தோ கூடியோ தண்டவாளத்துக்குப் போகும். எஞ்சினைத் திறக்கவே வேண்டாம். ஆனால் இரண்டு எஞ்சின்களையும் ஒரே வளையத்தில் நிறுத்தினால் இரண்டும் சேர்ந்தே ஓடும், சேர்ந்தே நிற்கும். தண்டவாளத்தை மின் தொடர்பற்ற பகுதிகளாகப் பிரித்தால்தான் ஒன்றை ஓரமாக நிறுத்திவிட்டு மற்றதை ஓட்ட முடியும். இப்படிப்பட்ட பெட்டிகள் பலவும் மின்சாரத்தைத் தொடர்ச்சியாக அனுப்பாமல் நறுக்கி நறுக்கி அனுப்புவதால், ஒலி அட்டை பொருத்திய எஞ்சின்கள் சில கரகரக்கும், அல்லது ஒலியே எழுப்பாமல் போகும். உங்கள் எஞ்சின்களில் ஒலி இருந்தால், வெளியீடு சீரான நேர்மின்னோட்டமாக இருக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மின்னோட்ட அளவும் முக்கியம். இந்த அளவிலுள்ள ஓர் எஞ்சின் சாதாரணமாக ஓர் ஆம்பியரிலிருந்து இரண்டு ஆம்பியர் வரை எடுக்கும், விளக்கெரியும் பெட்டிகளும் புகை எழுப்பும் கருவியும் சேர்ந்தால் இன்னும் ஏறும். அதனால் 5 ஆம்பியருக்குக் குறைந்த பெட்டியை வாங்க வேண்டாம் என்பேன்.

இரண்டாவது, டி.சி.சி. அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்வே சங்கமான என்.எம்.ஆர்.ஏ., ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வகுத்த முறையை அடிப்படையாகக் கொண்டு 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், அதோடு கலந்தே கட்டளைகளும் போகும், ஒவ்வொரு எஞ்சினிலும் உள்ள டீகோடர் என்னும் சிறு மின்னணு அட்டை தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். இரண்டு எஞ்சின்களை ஒரே வளையத்தில் தனித்தனி வேகத்தில் ஓட்டலாம், விசிலையும் விளக்கையும் தனித்தனியே இயக்கலாம். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தரப்படுத்தப்பட்டது தண்டவாளத்துக்கும் டீகோடருக்கும் இடையிலான பேச்சு மட்டுமே. கைக்கருவிக்கும் கட்டுப்பாட்டு மையத்துக்கும் இடையிலான பேச்சு தரப்படுத்தப்படவில்லை. டிஜிட்ராக்ஸ் கைக்கருவி லோகோநெட்டில் பேசும், லென்ஸ் கருவி எக்ஸ்பிரஸ்நெட்டில் பேசும், மசோத் நிறுவனத்தின் நேவிகேட்டர் தன் டைமாக்ஸ் மையத்தோடுதான் பேசும். எந்த நிறுவனத்தின் டீகோடரையும் எந்த மையத்தோடும் சேர்க்கலாம், ஆனால் கைக்கருவியை அப்படிச் சேர்க்க முடியாது. கைக்கருவியை மட்டும் மலிவாக வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மையத்தைத் தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வைஃபை வந்த பிறகு இந்த வேலி ஓரளவு தளர்ந்திருக்கிறது. ரோகோ நிறுவனத்தின் இசட்21 மையத்தோடு அதே நிறுவனத்தின் வைஃபை கைக்கருவியும் பேசும், மொபைலில் நிறுவிய செயலியும் பேசும். ஜே.எம்.ஆர்.ஐ. என்னும் இலவசத் திறமூல மென்பொருளைக் கணினியில் ஓடவிட்டால், வித்ராட்டில் என்ற நெறிமுறையில் பேசும் எந்தக் கைக்கருவியையும் அதோடு இணைக்கலாம். அர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையைக் கொண்டு தாமே மையம் செய்துகொள்ள விரும்புபவர்களுக்கு டி.சி.சி.-இ.எக்ஸ். திட்டம் இருக்கிறது. அதற்கு வேண்டிய பலகை, அதன் மேல் செருகி மின்சாரத்தைத் தண்டவாளத்துக்கு அனுப்பும் மோட்டார் ஷீல்டு எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் கிடைத்துவிடும். ஆனால் அங்கே கிடைக்கும் சாதாரண மோட்டார் ஷீல்டு ஒரு சேனலுக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும், உங்கள் எஞ்சின்களுக்கு அது போதாது. இசட்21 வகையிலும் வழக்கமான கறுப்பு மையம் 3 ஆம்பியரைச் சற்றே தாண்டும் அளவு கொண்டது. தோட்ட ரயிலுக்கு 6 ஆம்பியர் தரும் பெரிய வகையைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது முறையில் தண்டவாளத்தில் மின்சாரமே இருக்காது. பேட்டரி, ரிசீவர், வேகக் கட்டுப்பாட்டு அட்டை ஆகிய மூன்றும் எஞ்சினிலோ, அதன் பின்னால் கோத்த சரக்குப் பெட்டியிலோ இருக்கும். கைக்கருவி நேராக எஞ்சினோடு பேசும். திருவான்மியூர் என்று படித்தவுடனே என் மனம் இந்த முறைக்குத்தான் போயிற்று. பித்தளை உப்புக்காற்றில் ஒரே வாரத்தில் மங்கிவிடும். அந்தப் படலத்தின் வழியே சக்கரத்துக்கு மின்சாரம் விட்டுவிட்டுத்தான் போகும். சாதாரண நேர்மின்னோட்ட (டி.சி.) முறையில் எஞ்சின் சற்றுத் தடுமாறி, உந்துவேகத்தில் தாண்டிப் போய்விடும். டி.சி.சி. முறையில் மின்சாரம் ஒரு நொடி அறுந்தாலும் டீகோடர் மறுபடி தொடங்கும், ஒலி வெட்டுப்படும். வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் எட்டு வாரம் தொடாத தண்டவாளத்தை 40 மீட்டருக்கும் குனிந்து தேய்ப்பது உங்களுடைய அறுபத்தெட்டு வயதில் முதுகுக்கு நல்லதன்று. தண்டவாளம் மின்சாரத்தைச் சுமக்க வேண்டாம் என்றால், உதிர்ந்த வேப்பிலையைக் கூட்டித் தள்ளினாலே போதும்.

இந்த மூன்றாவது வழியில் 2.4 கிகாஹெர்ட்ஸில் கிடைப்பவற்றைப் பார்ப்போம். ஓர் அடியை 16 மில்லிமீட்டராகச் சுருக்கும் பிரிட்டனின் மாதிரி ரயில் ஆர்வலர்களிடையே, வேகக் கட்டுப்பாட்டையும் தன்னுள்ளே கொண்ட விரல் அகலச் சிறு ரிசீவர்களும், அவற்றுக்கேற்ப ஒரு குமிழும் இரண்டு மூன்று பொத்தான்களும் மட்டுமே உள்ள சிறு கைக்கருவிகளும் பல காலமாகப் புழங்குகின்றன. அமெரிக்காவின் ரெயில்ப்ரோ, வண்ணத் திரையுள்ள கைக்கருவியோடு நேரடி ரேடியோ முறையில் வருகிறது. ஒலியும் புளூடூத்தும் சேர்ந்த டீகோடர்களைச் சவுண்ட்ராக்ஸ் தருகிறது, ஆனால் அவற்றை முதன்மையாக மொபைல் வழியே ஓட்ட வேண்டியிருக்கும். இவை எல்லாவற்றையும் விட மலிவான வழி ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது: பொம்மை விமானத்துக்கும் காருக்கும் விற்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரையும், பிரஷ் மோட்டாருக்கான வேகக் கட்டுப்பாட்டு அட்டையையும் கொண்டு அமைத்துக்கொள்வது. இதில் இரண்டு கவனங்கள் வேண்டும். காருக்கான துப்பாக்கி வடிவக் கருவியில் விரலை எடுத்ததும் விசை சுழியத்துக்குத் திரும்பிவிடும், ரயிலை ஒரே வேகத்தில் ஓடவிட்டு வேடிக்கை பார்க்க அது உதவாது. விமானத்துக்கான கருவியில் இடப்பக்கக் குச்சி விட்ட இடத்திலேயே நிற்பதால் அதுதான் பொருந்தும். அட்டையைப் பொறுத்தவரை, மலிவானவை பலவும் மூன்று லித்தியம் செல்களின் மின்னழுத்தத்தைத்தான் தாங்கும், நமக்கு நான்கு செல்கள் வேண்டும்.

இப்போது கையில் பிடிக்கப்போகும் பொருளுக்கு வருகிறேன். என் அனுபவத்தில், ஒரு கைக்கருவி நல்லதா என்பதை அதன் குமிழ் சொல்லிவிடும். தோட்டத்தில் நம் கண் ரயிலின் மேல் இருக்கும், கருவியின் மேல் இருக்காது. பார்க்காமலே வேகத்தைக் குறைக்கவும், பார்க்காமலே நிறுத்தவும் கட்டைவிரலுக்குத் தெரிய வேண்டும். அந்தக் காலத்து மின்விசிறி ரெகுலேட்டரைப் போல, தொடக்கத்தில் ஒரு நிற்கும் இடமும் முடிவில் ஒரு நிற்கும் இடமும் உள்ள குமிழில், விரல் எங்கே இருக்கிறது என்பதே வேகம் எவ்வளவு என்பதைச் சொல்லிவிடும். இன்னொரு வகைக் குமிழ் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், எவ்வளவு சுற்றினோம் என்பதைத் திரையில்தான் பார்க்க வேண்டும். ஒரே கருவியால் இரண்டு எஞ்சின்களை மாற்றி மாற்றி ஓட்டுவதாக இருந்தால் முடிவில்லாக் குமிழுக்கு ஒரு சிறப்பு உண்டு: முதல் எஞ்சினைப் பாதி வேகத்தில் விட்டுவிட்டு, நின்றுகொண்டிருக்கும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கும்போது, அது குமிழின் பழைய நிலையைப் பிடித்துக்கொண்டு திடீரென்று பாயாது. ரோகோவின் கருவியில் குமிழ் நடுவில் நின்றால் ரயில் நிற்கும், வலப்புறம் திருப்பினால் முன்னே போகும், இடப்புறம் திருப்பினால் பின்னே போகும். திசைக்கெனத் தனிப் பொத்தான் தேவையில்லாத இந்த அமைப்பைச் சிறுவர்கள் இரண்டே நிமிடத்தில் கற்றுக்கொள்கிறார்கள்.

தொடுதிரையையும் மொபைல் செயலியையும் முதன்மைக் கருவியாக நம்பிவிடாதீர்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் மொபைல் சூடேறித் தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், வியர்த்த விரலைத் திரை சரியாக உணராது, ரயில் வளைவை நெருங்கும் நேரத்தில் யாராவது அழைப்பார்கள். வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒருவர் கையில் கொடுக்க இரண்டாவது கருவியாக அது நல்லது. திரை உள்ள கைக்கருவிதான் என்றால், பழைய கால்குலேட்டரில் இருப்பது போன்ற கறுப்பு வெள்ளைத் திரை வெயிலில் தெளிவாகத் தெரியும், வண்ணத் திரை மங்கிவிடும். போலராய்டு கண்ணாடி அணிபவராக இருந்தால், அணிந்த நிலையில் திரையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், சில கோணங்களில் எதுவுமே தெரியாது.

தொடர்பு அறுந்தால் ரயில் என்ன செய்யும் என்பதைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்பேன். சில ஆண்டுகளுக்கு முன், மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி உயர்த்திய மேடையில் ஒரு வளையம் போட்டிருந்தேன். கைக்கருவியில் செல் தீர்ந்துபோனது, எஞ்சின் கடைசியாகக் கேட்ட வேகத்திலேயே ஓடி, திறந்திருந்த பிரிப்புப் பாதையில் நுழைந்து, மேடை விளிம்பிலிருந்து கீழே விழுந்தது. அதன் முன் சக்கரத் தொகுதியைச் சரிசெய்ய நான்கு மாதம் ஆயிற்று. கருவியில் பழுதேதும் இல்லை, தொடர்பு அறுந்தாலும் ஓட்டத்தைத் தொடரும்படிதான் அது வடிவமைக்கப்பட்டிருந்தது. அதை நான் கேட்டிருக்கவில்லை. டி.சி.சி. முறையில் பெரும்பாலும் இப்படித்தான்: கைக்கருவி போனாலும் மையம் கடைசிக் கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். வித்ராட்டில் நெறிமுறையில் இதயத்துடிப்பு போல ஓர் ஏற்பாடு உண்டு, குறித்த நேரத்துக்குள் கைக்கருவியிடமிருந்து செய்தி வராவிட்டால் எஞ்சின் நிறுத்தப்படும். எஞ்சினுக்குள் இருக்கும் ரிசீவர்கள் பலவற்றில் நிற்பதா, ஓடுவதா என்பதை நாமே அமைத்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் முதல் நாளே, எஞ்சின் மெதுவாக ஓடும்போது கைக்கருவியிலிருந்து செல்லை உருவிப் பாருங்கள். பேரன் ஓட்டப்போகும் கருவி தொடர்பு அறுந்ததும் நிற்பதாகவே இருக்க வேண்டும், அவசர நிறுத்தப் பொத்தானும் தனி நிறத்தில், தடவினாலே தெரியும்படி இருக்க வேண்டும்.

எட்டும் தூரத்தைப் பற்றி அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம், அது திறந்த மைதானத்தின் கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். தண்ணீர் அதை நன்றாக உறிஞ்சும். மழை நின்றதும் சொட்டிக்கொண்டிருக்கும் வாழையிலை, நம்முடைய உடல், தண்ணீர் நிறைந்த தொட்டி எல்லாமே அதற்குத் தடைதான். என் வீட்டுத் தோட்டத்தில் கிணற்றடித் தொட்டிக்குப் பின்னால் மட்டும் ரயில் சொன்ன பேச்சைக் கேட்காது. வைஃபை முறையானால் மையத்தை வராந்தாத் தரையில் வைக்காமல், ஜன்னலுக்கு மேல் ஆள் உயரத்துக்குக் கூடுதலாக ஏற்றி வையுங்கள், பாதித் தொல்லை அதிலேயே தீரும். அடுக்குமாடிகள் சூழ்ந்த இடமாதலால் அக்கம்பக்கத்து ரௌட்டர்கள் எந்தச் சேனலில் நெரிசலாக இருக்கின்றன என்று மொபைல் செயலி ஒன்றால் பார்த்து, 1, 6, 11 ஆகியவற்றில் காலியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எஞ்சினுக்குள் ரிசீவர் வைப்பதானால், உலோக உடலுக்குள் ஆன்டெனாவை அடைத்துவிடக் கூடாது. பிளாஸ்டிக் உடலுள்ள எஞ்சினிலும், ஈய எடைக்கட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் கூரையின் அடியில் ஒட்டுங்கள்.

கைக்கருவிக்கு ஊட்டும் செல் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாதாரண ஆல்கலைன் செல்லைப் போட்டு இரண்டு மாதம் மறந்தால் ஒழுகி, தகட்டை அரித்துவிடும். மறுபடி சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் ஒன்று 1.2 வோல்ட்தான் தரும், அந்த அளவிலும் கருவி இயங்குமா என்று பார்த்து அதையே பயன்படுத்துங்கள். மாலையில் கருவியைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டிபன் டப்பாவில் வைத்தால் உப்புக்காற்று பொத்தான்களுக்குள் போகாது. கழுத்தில் மாட்ட ஒரு நாடா கட்டிவிடுங்கள், புல்லில் விழுந்த கறுப்புக் கருவியை அந்தி நேரத்தில் தேடுவது பெரும்பாடு.

உங்கள் நிலைமைக்கு நான் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று கேட்டால், தயங்காமல் மூன்றாவது முறையைத்தான் சொல்வேன்: பேட்டரி, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர், நிற்குமிடம் உள்ள குமிழோடு கூடிய எளிய கைக்கருவி. எஞ்சினை முழுவதும் குடைய வேண்டியதில்லை. ஒரு மூடிய சரக்குப் பெட்டிக்குள் பேட்டரியையும் ரிசீவரையும் வைத்து, அதிலிருந்து இரண்டு கம்பிகளை மட்டும் சிறு இணைப்பான் வழியே எஞ்சினின் மோட்டாருக்குக் கொண்டுபோங்கள். மோட்டாரைத் தண்டவாளத் தொடர்பிலிருந்து பிரித்துவிட மறக்க வேண்டாம், பழைய டிரான்ஸ்பார்மரைத் தவறுதலாகப் போட்டுவிட்டால் ரிசீவர் எரிந்துவிடும். இரண்டு எஞ்சின்களிலும் அதே இணைப்பானைப் பொருத்தினால் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு மற்றொன்று என்று ஒரே பெட்டியால் ஓட்டலாம். இரண்டும் ஒன்றாக ஓட வேண்டும் என்று பேரன் கேட்கும் நாளில் இரண்டாவது பெட்டி செய்துகொள்ளலாம். 18650 வகை லித்தியம் செல்கள் நான்கைத் தொடராக இணைத்தால் 14.8 வோல்ட், முழுதாக ஏறியபோது 16.8 வோல்ட் கிடைக்கும். டிரான்ஸ்பார்மர் தந்த உச்சத்தைவிட இது குறைவுதான், ஆனால் 45 மில்லிமீட்டர் பாதையும் 1:22.5 அளவும் மீட்டர் கேஜைக் குறிப்பவை, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் ரயிலைப் பார்த்தவர்களுக்கு அந்த நிதானம்தான் அழகு. 2600 மில்லி ஆம்பியர் மணி செல்களானால், சராசரியாக ஓர் ஆம்பியர் எடுக்கும் எஞ்சின் இரண்டரை மணி நேரம் ஓடும்.

செல்களைத் தனித்தனியாக வாங்கி நீங்களே பற்றவைக்காமல், பாதுகாப்பு அட்டையோடு கட்டிய தொகுப்பாக வாங்குங்கள், கம்பியில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். இந்தச் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மே மாத மதியத்தில் வெயிலில் நின்ற பெட்டி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும் என்பதால், தொகுப்பைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, ஆறவைத்து, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள்.

ஆகவே மகள் அங்கிருந்து கொண்டுவர வேண்டியவை ரிசீவரும் கைக்கருவியும் மட்டுமே. பேட்டரித் தொகுப்பை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், லித்தியம் பேட்டரியை விமானத்தில் கொண்டுவரும் கட்டுப்பாடுகளும் அவருக்குத் தொல்லையாக இருக்காது. அவருக்கு எழுதும் முன், உங்களிடம் உள்ள சரக்குப் பெட்டியின் உள்நீளம், அகலம், உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து வையுங்கள். எஞ்சின் ஒரு பெட்டியை இழுத்து ஏற்றத்தில் ஏறும்போது எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்பதையும் மல்டிமீட்டரால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ரிசீவர் என்பதை இறுதியாகத் தீர்மானிக்க அந்த நான்கு எண்கள்தான் வேண்டும்.